சேர்த்த காசு நிற்கும் இடம்

(பெங்களூர் லிங்கராஜபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்த தலைப்பு 'உழைக்கும் குடும்பங்களும் சேமிப்பும்'. முப்பத்தோராண்டு வங்கிக் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் என்பதால்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். ஆனால் சேமிப்பைப் பற்றி நான் அறிந்ததில் பெரும்பகுதி, வங்கிக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே கற்றது. மேம்பாலம் வருவதற்கு முந்தைய லிங்கராஜபுரத்தில், என் அம்மாவின் சீட்டு நோட்டில் கற்றது.

அம்மா சீட்டுப் பிடித்தார். எண்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. சீட்டில் இருந்த இருபது பேரில் ஏழு பேர் கிறிஸ்தவர்கள், இரண்டு பேர் முஸ்லிம்கள். அந்தச் சுழியைப் பற்றி யாரும் பேசியதில்லை. கட்டட மேஸ்திரி ஒருவர், பங்களாக்களில் சமையல் வேலை பார்த்த இரண்டு அக்காமார்கள், ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, ஆட்டோ ஓட்டிய ஒருவர். சம்பளம் வந்த மறு ஞாயிறு எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஏலம் நடக்கும். எனக்கு வேலை, யார் எவ்வளவு சொன்னார்கள் என்று எழுதுவது.

இளையவர்களுக்காக ஏலச்சீட்டின் கணக்கை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இன்றைய தொகையில் வைத்துக்கொள்வோம். இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம். சீட்டுத் தொகை 1 லட்சம். மூன்றாவது மாதம் ஒரு பெண்ணுக்கு அவசரம். 25,000 தள்ளி எடுக்கிறார். அவர் கைக்கு 75,000 வரும். தள்ளிய 25,000இல் சீட்டுப் பிடிப்பவருக்கு 5,000 போக, மீதி 20,000 இருபது பேருக்கும் ஆளுக்கு ஆயிரமாகக் கழியும். அந்த மாதம் எல்லாரும் 4,000 கட்டினால் போதும். அவசரம் உள்ளவர் வட்டி கொடுத்தார், காத்திருக்க முடிந்தவர் வட்டி வாங்கினார். வட்டி என்ற சொல் அந்தத் திண்ணையில் ஒருமுறைகூட ஒலித்ததில்லை. கடனும் சேமிப்பும் ஒரே நோட்டில், ஒரே கையெழுத்தில் நடந்தன.

1980களின் நடுவில் ஒருவர் ஒன்பதாம் மாதம் சீட்டை எடுத்தார்; அடுத்த தவணைக்கு முன்பே குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். பதினொரு தவணை பாக்கி. அம்மா தன் செயினையும் கம்மலையும் அடகு வைத்து, மாதம் தவறாமல் அவர் பங்கையும் சேர்த்துக் கட்டிச் சீட்டை முடித்தார். மற்றப் பத்தொன்பது பேருக்கும் ஒரு ரூபாய் குறையவில்லை. நகை மட்டும் திரும்பவில்லை. கடைசிவரை அம்மாவின் காதில் கிடந்தது பித்தளைக் கம்மல்.

சீட்டுக்குச் சட்டம் உண்டு. 1982ஆம் ஆண்டின் சிட்பண்ட்ஸ் சட்டப்படி, சீட்டு நடத்துபவர் பதிவு செய்ய வேண்டும்; சீட்டுத் தொகைக்கு ஈடான பணத்தைப் பதிவாளரிடம் பிணையாக வைக்க வேண்டும். தகராறு வந்தால் பதிவாளரே தீர்த்து வைப்பார். நடத்துபவரின் கமிஷன் முன்பு 5 சதவீதம். 2019 திருத்தத்தில் 7 சதவீதமாகியிருக்கிறது. கேரளத்தில் 1969 முதல் அரசு நிறுவனமே சீட்டு நடத்துகிறது, இங்கே எம்.எஸ்.ஐ.எல். என்ற கர்நாடக அரசு நிறுவனமும் நடத்துகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் முழுத் தொகையையும் முன்கூட்டிப் பிணையாகக் கட்டும் வசதி என் அம்மாவுக்கு இருந்திருந்தால், அவர் எதற்குச் சீட்டுப் பிடிக்கப் போகிறார்?

இதிலிருந்துதான் நான் இன்று சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. ஏழைகளுக்குச் சேமிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். வங்கிப் பணியில் நானே பேசியும் இருக்கிறேன். ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் நிதிக் கல்வி வாரம் நடத்துகிறது. துண்டறிக்கை கொடுப்போம், உண்டியல் படம் போட்ட சுவரொட்டி ஒட்டுவோம். இந்தத் தெருக்களில் பிறந்தவன் என்ற முறையில் இப்போது மறுத்துச் சொல்கிறேன்: இங்கே சேமிக்கத் தெரியாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு, ஏலச்சீட்டு, மகளிர் சங்கத்தில் வாராவாரம் கட்டும் பணம், கார்மென்ட்ஸ் பி.எஃப்., அஞ்சலக ஆர்.டி. என்று ஒரே வீட்டில் நான்கைந்து இடத்தில் பணம் போட்டு வைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை கர்நாடக அரசின் 'கிருஹ லட்சுமி' பணம் 2,000 வந்தால் அதையும் நேராகச் சீட்டில் கொண்டுபோய்க் கட்டும் பெண்களை எனக்குத் தெரியும். குறை அவர்களுடைய பழக்கத்தில் இல்லை. சேர்த்த காசு பத்திரமாக நிற்க இடமில்லை; அந்த இடத்தைக் காக்கத் தனியொரு வீட்டுக்குப் பலமும் இல்லை.

லிங்கராஜபுரத்தில் உழைக்கும் குடும்பத்தின் மிகப் பெரிய சேமிப்பு எது என்று கேட்டால் பலரும் நகை என்பார்கள். நான் லீஸ் வீடு என்பேன். கன்னடத்தில் போக்ய, நம் பழைய பத்திரங்களில் போக்கியம், இன்று எல்லார் வாயிலும் லீஸ். நான்கைந்து லட்சத்தை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருப்பது. காலி செய்யும்போது போட்ட பணம் முழுதாகத் திரும்ப வேண்டும். மாதாமாதம் எட்டாயிரம், பத்தாயிரம் வாடகை மிச்சம். பெயின்ட் அடிக்கிற ஒருவருக்கும் வீட்டு வேலை செய்கிற அவர் மனைவிக்கும் இதைவிட நல்ல திட்டத்தை எந்த வங்கியும் தரவில்லை. நான் இருந்த வங்கியும் தரவில்லை.

அந்த நான்கு லட்சம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் ஒரு குடும்பத்தின் முழு வரலாறும் வெளியே வரும். மனைவியின் பி.எஃப்., கணவர் எடுத்த சீட்டு, மாமியார் தந்த நகை, திருப்பத்தூர்ப் பக்கமோ தருமபுரிப் பக்கமோ விற்ற அரை ஏக்கர். இருபது வருட உழைப்பு முழுவதும் இன்னொருவர் கையில், ஒரு முத்திரைத்தாளை நம்பி உட்கார்ந்திருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பதிவுச் செலவு வேண்டாம் என்று பதினொரு மாதத்துக்கு எழுதிக்கொள்கிறார்கள். சிலரிடம் அந்தத் தாளும் இருக்காது. வீட்டுக்காரர் நல்லவர் என்ற வார்த்தை மட்டும் இருக்கும்.

வங்கியில் இருந்தபோது ஒருமுறை கடன் கட்டாத ஒருவரின் வீட்டில் நோட்டீஸ் ஒட்டப் போன குழுவில் நானும் ஒருவன். 2002இல் வந்த சர்ஃபேசி சட்டம் வங்கிக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. கதவைத் திறந்த பெண் கடன்காரரின் மனைவி என்று நினைத்தோம். அவர் லீஸுக்கு இருந்தவர். ஆறு லட்சம் போட்டிருந்தார். வீட்டின் மீது கடன் இருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். 'சார், நாங்க காசு கொடுத்திட்டோம் சார், எல்லாக் காசும் கொடுத்திட்டோம்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கையில் பசையுடன் நான் நின்றுகொண்டிருந்தேன். சட்டப்படி வங்கி செய்தது சரி. அந்தப் பெண்ணுக்கு நடந்தது அநியாயம். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து என் மனம் இன்றுவரை சமாதானம் ஆகவில்லை.

அவர் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வியை எந்தச் சுவரொட்டியும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. பணம் கொடுப்பதற்கு முன் அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க வேண்டும். ஈ.சி. என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். வீடு வாங்குபவர்தான் எடுப்பார் என்று நினைக்கிறோம், லீஸுக்குப் போகிறவர் எடுப்பதில்லை. பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன் சில சமயம் ஈ.சி.யில் தெரியாது. அதற்கென்றே 2011 முதல் செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு இருக்கிறது. சிறு கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் தேடலாம். அரை மணி நேர வேலை. ஆறு லட்சத்தைக் காப்பாற்றியிருக்கும். நிதிக் கல்வி என்றால் எனக்கு இதுதான். கூட்டு வட்டிச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதை இதற்கடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

சேமிப்பைப் பற்றி இந்த நகரத்துக்குப் பாடம் நடத்தியவர்கள் யார் என்று கேட்டால், 2016 ஏப்ரல் 18ஆம் தேதியை நினைவுபடுத்துவேன். அதற்கு இரண்டு மாதம் முன்பு, பிப்ரவரி 10 அன்று, மத்திய அரசு பி.எஃப். விதியை மாற்றி அறிவிக்கை வெளியிட்டது. அதுவரை வேலையை விட்டு இரண்டு மாதம் வேறு வேலை இல்லாமல் இருந்தால் பி.எஃப். பணம் முழுவதையும் எடுக்கலாம். புது விதிப்படி தொழிலாளி தன் பங்கையும் அதன் வட்டியையும் மட்டும் எடுக்கலாம். முதலாளி கட்டிய பங்கு 58 வயது வரை உள்ளேயே இருக்கும்.

வயதான காலத்துக்குப் பணம் இருக்கட்டும் என்பது அரசின் வாதம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் பெங்களூர் கார்மென்ட்ஸ் ஆலையில் 58 வயது வரை தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் காட்டச் சொல்லுங்கள். நாற்பதைத் தாண்டும்போதே கண்ணும் இடுப்பும் போய்விடுகின்றன. அன்றைய பத்தாயிரத்துக்கும் குறைவான மாதச் சம்பளத்தில், பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ மகள் கல்யாணமோ கந்துவட்டியோ நெருக்கும்போது, அந்தப் பெண்களுக்கு எட்டக்கூடிய ஒரே மொத்தத் தொகை பி.எஃப்.தான். அதை எடுப்பதற்காகவே வேலையை விட்டு, இரண்டு மாதம் பொறுத்து, வேறு ஆலையில் சேர்ந்தவர்கள் ஏராளம். லீஸ் வீட்டுப் பணத்தில் மனைவியின் பி.எஃப். இருந்தது என்று சொன்னேனே, அது இப்படி வந்ததுதான்.

அந்த ஏப்ரல் 18 காலை பொம்மனஹள்ளியில் பெண்கள் ஆலையை விட்டு வெளியே வந்து ஓசூர் சாலையில் உட்கார்ந்தார்கள். எந்தச் சங்கமும் அழைக்கவில்லை, மேடையும் இல்லை, தலைவரும் இல்லை. மறுநாள் தும்கூர் சாலை, பீன்யா, ஹெப்பகோடி என்று பரவியது. கல்லெறியும் தடியடியும் கண்ணீர்ப் புகையும் நடந்தன, வண்டிகள் எரிந்தன. அந்த வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஏப்ரல் 19 மாலைக்குள் மத்தியத் தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அறிவிக்கையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நாடு முழுவதும் பி.எஃப். கட்டும் கோடிக்கணக்கான தொழிலாளருக்கு அந்த இரண்டு நாளில் பெங்களூர்ப் பெண்கள் பணத்தை மீட்டுக் கொடுத்தார்கள். முதலாளியின் பங்கு எது, தன் பங்கு எது, வட்டி எங்கே சேர்கிறது என்று தெரியாதவர்கள் சாலையில் வந்து உட்கார மாட்டார்கள்.

அந்தக் கணக்கில் இன்னும் ஒரு படி உள்ளே போவோம். சம்பளம் 10,000 என்றால் உங்களிடம் பிடிப்பது 1,200. முதலாளி கட்டுவதும் 1,200. ஆனால் முதலாளி கட்டுவதில் 833 ரூபாய் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. 367 மட்டும்தான் பி.எஃப்.இல் சேர்கிறது. பாஸ்புக்கைப் பார்த்து 'கம்பெனி ஏமாற்றிவிட்டது' என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. சிலருடைய விஷயத்தில் அது உண்மையாகவும் இருந்தது. பிடித்த பணத்தைக் கட்டாமலே விட்டிருந்தார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் தெருவில் இருக்க வேண்டும். 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு மறுபடி விதிகளை மாற்ற முடிவெடுத்தது: கணக்கில் 25 சதவீதம் எப்போதும் நிற்க வேண்டும், வேலை போனபின் முழுப் பணத்தையும் எடுக்கப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். 75 சதவீதம் வரை உடனே எடுக்க வழியும் வைத்திருக்கிறார்கள். நல்லதா கெட்டதா என்று விவாதிக்கலாம். இந்தச் செய்தி ஓசூர் சாலைப் பெண்களுக்கு அவர்களுடைய மொழியில், அவர்களுடைய பாஸ்புக்கை வைத்து விளக்கப்பட்டதா என்பதுதான் என் கவலை.

தமிழ்க் குடும்பங்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு, அது இனிஷியல். ஆதாரில் 'செல்வி முருகேசன்', ஆலைப் பதிவேட்டில் 'எம். செல்வி', வங்கியில் 'செல்வி எம்'. மூன்றும் ஒரே ஆள் என்பது கணினிக்குத் தெரியாது. பி.எஃப். விண்ணப்பம் நிராகரிக்கப்படும். மூன்று ஆலையில் வேலை செய்திருந்தால் மூன்று கணக்கு. பழைய ஆலை மூடிப்போயிருக்கும். வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்காது. இதைச் சரிசெய்து தர இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். வரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு கேட்கிறார்கள். பத்து வருடம் தைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு வருட உழைப்பு ஒரு எழுத்துப் பிழைக்காகப் போகிறது.

இனி, கூட்டாக நிற்பதைப் பற்றி. நமக்கு மிக அருகிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1968இல் திபெத்திய அகதிகளைக் குடியமர்த்தத் தொடங்கப்பட்ட மைராடா என்ற நிறுவனம், இதே பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. 1980களில் கோலார் மாவட்டத்தில், தங்கவயலுக்குப் பக்கத்துக் கிராமங்களில், அது உருவாக்கிய பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் உடைந்தன. வலுத்தவர்கள் கையில் எல்லாம் போய்விட்டதே காரணம். உடைந்தபின் பதினைந்து இருபது பேராகச் சிலர் மைராடாவிடம் வந்தார்கள். 'பெரிய சங்கத்தை நம்பமாட்டோம். வாங்கிய கடனை உங்களிடமே நேராகத் திருப்பிக் கட்டுகிறோம்' என்பது அவர்கள் சொன்னதன் சாரம். மைராடா அவர்களுக்குச் சொன்ன யோசனை, எங்களிடம் கட்ட வேண்டாம், உங்களுக்குள்ளேயே ஒரு பொதுநிதியாகக் கட்டி, நீங்களே கடன் கொடுத்து வாங்குங்கள் என்பது. சுய உதவிக் குழுவின் வேர்களில் ஒன்று இது. 1987இல் நபார்டு வங்கி இந்த முயற்சிக்கு 10 லட்சம் ரூபாய் தந்தது. 1991இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. 1992இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது. இன்று நாட்டில் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் வங்கியில் கணக்கு வைத்திருக்கின்றன. அதே காலத்தில், 1989இல், தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதலில் தொடங்கப்பட்ட மாவட்டம் தருமபுரி; இங்கே இருக்கும் பலருடைய சொந்த ஊர்.

கோலாரின் அந்தக் குழுக்களை உருவாக்கியது யாருடைய பாடமும் இல்லை, மனிதர்களிடையே முன்பே இருந்த நம்பிக்கை. என் அம்மாவின் சீட்டிலும் அது இருந்தது. கோலார்க் குழுக்களிடம் கூடுதலாக இருந்தவை இரண்டு: எல்லார் கண்ணெதிரே எழுதும் கணக்கு, பின்னால் நின்ற ஒரு வங்கி. அம்மாவுக்குப் பின்னால் அடகுக்கடை மட்டும்தான் நின்றது.

பிறகு என்ன ஆயிற்று? குழுவின் பலத்தைப் பார்த்துக் கடன் கொடுக்க நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. சேமிப்பு பின்னுக்குப் போய்க் கடன் முன்னுக்கு வந்தது. ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர் கட்ட வேண்டும் என்ற பிணைப்பு, தோழமையாக இருந்தது போய் நெருக்கடியாக மாறியது. ஆந்திரத்தில் 2010இல் இது வெடித்தது. அவசரச் சட்டம் வந்தது. கர்நாடகத்தில் வசூல் கெடுபிடி தாங்காமல் தற்கொலைகள் நடந்து, ஊரைக் காலிசெய்து குடும்பங்கள் ஓடியபின், 2025 பிப்ரவரி 12 அன்று ஆளுநர் கையெழுத்திட்டு ஓர் அவசரச் சட்டம் வந்தது. மிரட்டி வசூலித்தால் பத்தாண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். அதற்கு மூன்றாண்டு முன்பே ரிசர்வ் வங்கி ஒரு விதி வைத்திருந்தது: ஒரு வீட்டின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நான்கு நிறுவனத்தில் ஒரே நேரத்தில் கடன் வாங்கியிருக்கும் ஒரு வீட்டில் அந்தக் கணக்கை யார் போட்டுப் பார்த்தார்கள்? கொடுத்தவர்கள் போடவில்லை. வாங்கியவரிடம் அப்படி ஒரு விதி இருப்பதை யாரும் சொல்லவில்லை. சிறைத் தண்டனை தேவைதான்; அது உயிர் போனபிறகு வருகிறது. அந்தக் கணக்கைக் கடன் வாங்கும் முன்பே ஒரு தாளில் போட்டுக் காட்டும் ஆள் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது மாநிலம் தழுவிய ஒரு கூட்டமைப்பு. பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைக்க வேண்டாம். வேண்டியதெல்லாம் இங்கே சிதறிக் கிடக்கிறது. கார்மென்ட்ஸ் தொழிற்சங்கங்களுக்குப் பி.எஃப். அத்துப்படி, சீட்டைப் பற்றித் தெரியாது. வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கங்களுக்குச் சம்பளப் பேச்சு தெரியும். அவர்களுடைய உறுப்பினர்களுக்குப் பி.எஃப். என்பதே இல்லை. சுய உதவிக் குழுப் பெண்களுக்குக் கடன் கணக்கு தெரியும்; லீஸ் பத்திரம் தெரியாது. சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பத்திரம் தெரியும், தெரு தெரியாது. ஓய்வுபெற்ற வங்கிக்காரர்களிடமும் அஞ்சல்காரர்களிடமும் நேரம் இருக்கிறது, அழைப்பவர் இல்லை. தேவாலயங்களிடமும் கோயில்களிடமும் பள்ளிவாசல்களிடமும் மண்டபம் இருக்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் நல்லது செய்துகொண்டிருக்கிறோம். ஒரு பெண் மூன்று தொல்லையோடு வந்தால் மூன்று திசையில் அனுப்புகிறோம். அதற்கு அவர் மூன்று நாள் சம்பளத்தை இழக்கிறார்.

இப்படிக் கூடுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. சென்னை மாகாணத்து அதிகாரி பிரெடெரிக் நிக்கல்சன் 1890களில் ஜெர்மனியின் கிராமக் கூட்டுறவு வங்கிகளை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே கர்நாடகத்தின் கதக் அருகே கணகினஹாலில் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. ஆமதாபாத்தில் 1974இல் இளா பட் அம்மையாரோடு நின்ற நான்காயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுச் சேவா வங்கியைத் தொடங்கினார்கள். காய்கறி விற்பவர்கள், சுமை தூக்குபவர்கள். கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பு, தெருக்குழு, வார்டு, ஊராட்சி என்று மூன்று அடுக்கில் மாநிலத்தையே இணைத்தது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இத்தகைய கூட்டமைப்புகள் உண்டு. அங்கே குறைந்த சம்பளக்காரருக்கு அரசு திருப்பித் தரும் வரிச்சலுகை ஒன்று இருக்கிறது. வரிப் படிவத்தை இலவசமாக நிரப்பித் தரும் தன்னார்வலர்கள், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, வரிக்காலத்தில் நூலகங்களிலும் தேவாலயங்களிலும் மேசை போட்டு உட்காருகிறார்கள். அங்கிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த மேசையை. சொற்பொழிவு வேண்டாம், சுவரொட்டி வேண்டாம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர்.

இதில் நம் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. முத்திரைத்தாளும் அரசு கடிதமும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வருகின்றன. நம் தாய்மார்களில் பலர் கன்னடம் சரளமாகப் பேசுவார்கள், படிக்க வராது. பள்ளியில் கன்னடம் படித்த மகனும் மகளும் அந்த மேசையில் உட்கார்ந்தால், லிங்கராஜபுரத்தின் தமிழ்க் குடும்பத்துக்கு மட்டுமல்ல, வட கர்நாடகத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் குடும்பத்துக்கும் உதவும். அவர்களுடைய பிள்ளைகள் நமக்கு உதவுவார்கள். அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளை தன் அம்மாவின் பி.எஃப். பாஸ்புக்கை முதன்முறையாகப் பார்ப்பதைவிடப் பெரிய நிதிக் கல்வி எனக்குத் தெரியவில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 2019 ஜூனில், இங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் சிவாஜிநகரில், மக்களிடம் முதலீடு வாங்கிய ஐ.எம்.ஏ. நிறுவனம் கவிழ்ந்தது. பல்லாயிரம் குடும்பங்களின் பணம். பெண்கள் அந்த வாசலில் வரிசையில் நின்று புகார் எழுதிக் கொடுத்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். மதத்தின் பெயரிலும் உறவின் பெயரிலும் நம்பிப் போட்டவர்கள். நாம் அமைக்கும் கூட்டமைப்பு ஒருபோதும் யாருடைய பணத்தையும் கையில் வாங்கக் கூடாது. ஒரு ரூபாயும் கூடாது. பணம் வங்கியிலும் அஞ்சலகத்திலும் பதிவு பெற்ற சீட்டிலும் இருக்கட்டும். வங்கியில் ஒருவர் பெயரில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நாம் தாளைப் படித்துக் காட்டுவோம்; அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம்.

மண்டபத்தின் பொறுப்பாளரிடம் பேசிவிட்டேன். வரும் ஞாயிறு முதல் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை இந்த வாசலில் ஒரு மேசை இருக்கும். முதல் நாற்காலியில் நான் இருப்பேன். ஆதார், பி.எஃப். எண் பதிந்த போன், வங்கிப் பாஸ்புக், லீஸ் பத்திரம், சங்கத்துக் கடன் அட்டை, எது இருக்கிறதோ எடுத்து வாருங்கள். இனிஷியலில் தொடங்குவோம். ஓய்வுபெற்றவர்கள் யாராவது இங்கே இருந்தால், இரண்டாவது நாற்காலி காலியாக இருக்கிறது.